மாயா நகரங்கள்: நீங்க கேட்ட கேள்விகள்

போன இதழ்ல மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் காடுகள்ல மாயா ஜனங்க கட்டின பழைய நகரங்களோட படங்கள் வந்துச்சு இல்லையா, அதுக்கு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. ஒரே மாதிரி வந்ததை சேர்த்து, முடிஞ்ச அளவுக்கு பதில் சொல்றேன்.

கே: இரும்பு கிடையாது, வண்டிச் சக்கரம் கிடையாது, சுமை இழுக்க மாடோ குதிரையோ கிடையாதுன்னு போட்டிருந்தீங்க. அப்புறம் எப்படிங்க அவ்வளவு உயரத்துக்கு கட்டினாங்க?

ப: ஆள்பலம்தாங்க. மெக்சிகோவோட யுகாத்தான், குவாத்தமாலாவோட பேத்தேன் பகுதியில எங்க தோண்டினாலும் சுண்ணாம்புக்கல், வெட்டி எடுக்கிற நேரத்துல ஓரளவு மெதுவா இருக்கும், வெளியில காத்து பட பட இறுகிடும், அதனால சிக்கிமுக்கிக் கல்லுல செஞ்ச கோடாலியையும் உளியையும் வெச்சே வெட்டி செதுக்க முடிஞ்சுது. வெட்டினதை நெத்தியில பட்டை மாட்டி முதுகுல சுமந்தாங்க, குவாத்தமாலா மலைக் கிராமங்கள்ல விறகை இன்னிக்கும் அப்படித்தான் சுமக்கிறாங்க. பிரமிடு முழுக்க செதுக்கின கல்லுன்னு நினைச்சுக்காதீங்க, உள்ள உடைகல், மண், சுண்ணாம்புக் கலவை, வெளிப்பக்கம் மட்டும்தான் வெட்டின கல், அதுக்கு மேல வழவழன்னு சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல பெயின்ட், பெரும்பாலும் சிவப்பு. இப்ப போட்டோல தெரியற சாம்பல் கலரை அந்தக் காலத்து ஆள் யாரும் பார்த்தது கிடையாது. உயரம்னா, குவாத்தமாலாவுல டிக்கால் ஊர்ல நாலாம் எண் கோயில் கிட்டத்தட்ட 65 மீட்டர், கி.பி. 741 வாக்கில எழும்பினது. அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே எல் மிராடோர் நகரத்துல லா தாந்தான்னு ஒரு பிரமிடு 72 மீட்டர் நிக்குது.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அந்த சுண்ணாம்புதான். கல்லை சுண்ணாம்பா ஆக்கணும்னா 800, 900 டிகிரி சூடு வேணும், அதுக்கு பச்சை மரத்தையே அடுக்கடுக்கா வட்டமா குவிச்சு மேல கல்லைக் கொட்டி எரிச்சிருக்காங்க, ஒவ்வொரு சூளைக்கும் எவ்வளவு காடு போயிருக்கும்னு பாருங்க. எல் மிராடோர்ல பல வருஷம் தோண்டின ரிச்சர்ட் ஹான்சன் சொல்றதே இதுதான், தரைக்கும் சுவருக்கும் தடிமனா தடிமனா பூசப் பூச காடு அழிஞ்சு, மேட்டு மண் கரைஞ்சு பள்ளத்துல இருந்த சதுப்பு நிலத்தை மூடிடுச்சு, அந்த சதுப்பு சேத்தை நம்பித்தான் விவசாயமே நடந்துதுன்னு. ஹோண்டுராஸ்ல இருக்கிற கோபான் நகரத்துப் பூச்சை 2023-ல ஆராய்ஞ்சு பார்த்தப்போ அதுல மரப்பட்டைச் சாறு கலந்திருக்கிறது தெரிஞ்சுது, அதனாலதான் ஆயிரம் வருஷத்துக்கு மேல மழையில நனைஞ்சும் உதிரல. நம்ம கொத்தனார்கள் சுண்ணாம்போட கடுக்காயும் வெல்லமும் சேர்த்த மாதிரியேதான், அவங்க பாட்டுக்கு அவங்க காட்டுல இருந்த மரத்தை வெச்சு கண்டுபிடிச்சிருக்காங்க.

கூரை போட்ட விதத்தையும் சொல்லிடறேன். ரெண்டு பக்கச் சுவரும் மேல போகப் போக ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையை விட கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கிட்டே போவாங்க, நடுவுல ஒரு ஜாண் இடைவெளி வந்ததும் ஒரு தட்டைக் கல்லைப் போட்டு மூடிடுவாங்க. இந்த முறையில அறை அகலமா வராது, நீளமா குறுகலாத்தான் வரும். சுவரும் தடியா இருக்கணும். மெக்சிகோவுல பலென்கே நகரத்துக் கட்டடக்காரங்க மட்டும் இதுல ஒரு படி மேல போனாங்க, ரெண்டு அறையை முதுகோட முதுகு சேர்த்து வெச்சு, நடுச்சுவரை ரெண்டுக்கும் பொதுவாக்கி, வெளிக்கூரையை சாய்வா வெட்டி பாரத்தைக் குறைச்சாங்க, அதனால அங்க அறைக்குள்ள நல்லா வெளிச்சம் வரும், வாசலும் அகலம். டிக்கால்ல வாசலுக்கு மேல போட்ட சப்போட்டா மர உத்திரம் சிலது ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சும் அதே இடத்துல இருக்கு.

கே: நான் ஒன்பதாவது படிக்கிறேன். பலென்கேல ஒரு கல்லறை மூடியில ராக்கெட் ஓட்டுற ஆள் இருக்கிறதா வீடியோல சொல்றாங்க. உண்மையா சார்?

ப: இல்ல தம்பி. அது பகால்னு ஒரு ராஜா. 603-ல பிறந்து, 12 வயசுல 615-ல பட்டத்துக்கு வந்து, 683-ல எண்பது வயசுல இறந்தார், இதெல்லாம் அந்த ஊர்க் கல்வெட்டுலயே தேதியோட இருக்கு. மூடியைச் சாய்ச்சு வெச்சுப் பார்த்தாத்தான் ராக்கெட் மாதிரி தெரியும், நேரா பார்த்தீன்னா, கீழ பாதாளத்தோட வாய் திறந்திருக்கு, நடுவுல பகால், அவர் மேல ஒரு பெரிய மரம், உச்சியில ஒரு பறவை. பெட்டியோட பக்கவாட்டுல அவரோட அம்மா, அப்பா, பாட்டன் பூட்டன் எல்லாம் பழ மரங்களோட சேர்ந்து மண்ணுல இருந்து முளைச்சு வர மாதிரி செதுக்கி, ஒவ்வொருத்தர் பேரும் எழுதியிருக்கு. செத்த ராஜா சோளம் மாதிரி திரும்ப முளைப்பாருன்னு நம்பினாங்க, அதைத்தான் செதுக்கியிருக்காங்க.

அதைக் கண்டுபிடிச்ச கதை ராக்கெட் கதையை விட நல்லா இருக்கும் தம்பி. ஆல்பர்ட்டோ ரூஸ்னு மெக்சிகோ ஆராய்ச்சியாளர், கோயில் மேல்தளத்துல ஒரு தரைக்கல்லைப் பார்க்கிறார், அதுல வரிசையா துளை, ஒவ்வொரு துளைக்கும் கல்லுலயே அடைப்பு. சுவரும் அந்தத் தரையோட நிக்காம கீழ இறங்கிப் போகுது. கல்லைத் தூக்கினா படிக்கட்டு, ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் கல்லும் மண்ணும் போட்டு அடைச்சிருக்கு. அதைக் காலி பண்ணவே 1949-ல இருந்து 1952 வரைக்கும் ஆச்சு. அடியில போய் ஒரு முக்கோணக் கல் கதவை நகர்த்தினா அறை, அதுக்குள்ள பகால், முகத்துல பச்சைக்கல் முகமூடி. அந்த முகமூடி மெக்சிகோ சிட்டி மியூசியத்துல இருந்து 1985-ல திருடு போய் 1989-ல கிடைச்சுது.

கே: நம்ம மயன் அங்க போய் கட்டினதா ஒரு பேச்சு இருக்கே, அதுல எவ்வளவு உண்மை?

ப: இதை நிறைய பேர் ஆசையோட கேட்டிருக்கீங்க, அதனால நேரா சொல்லிடறேன், ஆதாரம் இல்ல. வெளியில இருந்து ஒருத்தர் வந்து கத்துக் கொடுத்திருந்தா கட்டடக்கலை திடீர்னு முழுசா ஆரம்பிச்சிருக்கணும். அங்க அப்படி இல்லீங்க, முதல்ல மண் மேடு, மெக்சிகோ தபாஸ்கோ பகுதியில அகுவாதா ஃபெனிக்ஸ்ங்கிற இடத்துல கி.மு. 1000-ல இருந்து 800-க்குள்ள கொட்டின மண் மேடையே 1.4 கிலோமீட்டர் நீளம், அப்புறம் கல், அப்புறம் பூச்சு, அப்புறம் கல் கூரைன்னு படிப்படியா ஒவ்வொண்ணும் அந்த மண்ணுலயே கண்ணுக்குத் தெரியுது. 1841-லயே ஜான் ஸ்டீவன்ஸ்ங்கிற அமெரிக்கப் பயணி இதெல்லாம் இங்க வாழ்ற ஜனங்களோட முன்னோர் கட்டினதுன்னு எழுதிட்டார், அப்ப மத்தவங்க எகிப்துன்னும் அட்லாண்டிஸ்னும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்க பாட்டன் பூட்டன் உழைப்பை அவங்க பேர்லயே விட்டுடுவோம்ங்க.

கே: பிரமிடுக்குள்ள பிரமிடு இருக்குமாமே?

ப: ஆமாங்க, பெரும்பாலும் அப்படித்தான். புது ராஜா வந்தா பழைய கோயிலோட மேல்பகுதியை இடிச்சுட்டு, மிச்சத்தை அப்படியே உள்ள வெச்சு மேல பெருசா கட்டுவாங்க. அதனால ஆராய்ச்சியாளர்கள் மேல இருந்து தோண்டாம பக்கவாட்டுல சுரங்கம் வெட்டிப் போவாங்க. கோபான்ல 16-ம் எண் கட்டடத்துக்குள்ள அப்படிப் போனப்போ ஹோண்டுராஸைச் சேர்ந்த ரிக்கார்தோ அகுர்சியா 1989-ல கண்டது ரோசலீலாங்கிற பழைய கோயில். இதை மட்டும் இடிக்கல. ஏன்னு தெரியாத அளவுக்கு அக்கறையோட, அறைகளுக்குள்ள கல்லும் மண்ணும் பதமா நிரப்பி, சுவர்ல இருந்த பெரிய பெரிய முகங்களுக்கு மேல வெள்ளைப் பூச்சு கனமா பூசி, முழுசா மூடி வெச்சிருக்காங்க, அந்தப் பூச்சை விலக்கினா சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அப்படியே இருக்கு. அதுக்கும் அடியில இன்னும் சில கட்டடங்கள், எல்லாத்துக்கும் கீழ ஒரு கல்லறை. 426-ல அந்த ராஜவம்சத்தை ஆரம்பிச்ச யாஷ் குக் மோ ராஜாவோடதுன்னு சொல்றாங்க. எலும்பை சோதிச்சுப் பார்த்ததுல அவர் கோபான்ல வளர்ந்தவர் இல்ல, வேற ஊர்ல இருந்து வந்தவர்ன்றது தெரிஞ்சுது. வெளியூர்க்காரர்னு கல்வெட்டு சொன்னதும் இதுவும் பொருந்திப் போகுது. அவர் கல்லறை மேலேயே நானூறு வருஷம் கோயில் மேல கோயிலா கட்டியிருக்காங்க, ஒரு ஊர் தன்னோட முதல் ராஜாவை மறக்கவே இல்ல.

கே: சிச்சேன் இட்சா பிரமிடுல பாம்பு இறங்குதுன்றாங்களே?

ப: மார்ச், செப்டம்பர் மாசத்துல பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற நாட்கள்ல, சாயங்கால வெயில்ல வடக்குப் படிக்கட்டோட கைப்பிடிச் சுவர்ல நிழல் முக்கோணம் முக்கோணமா விழும், கீழ கல்லுல செதுக்கின பாம்புத் தலையோட அது சேர்ந்துக்கும். நாலு பக்கமும் 91 படி, மேல் தளம் ஒண்ணு, ஆக 365. படிக்கணக்கு நாட்கணக்கா இருக்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல, நிழல் விஷயத்தை வேணும்னே அமைச்சாங்களான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் விவாதம் நடக்குது. சூரியனைப் பார்த்துக் கட்டினதுக்கு உறுதியான உதாரணம் வேணும்னா வாஷாக்துன் ஊரைச் சொல்லலாம், மேற்குப் பக்கப் பிரமிடுல நின்னு பார்த்தா எதிர்ல வரிசையா மூணு சின்னக் கட்டடம், வருஷத்தோட முக்கியமான நாட்கள்ல சூரியன் அந்தந்தக் கட்டடத்துக்கு மேலதான் உதிக்கும்.

கே: 2012-ல உலகம் அழியும்னு மாயா காலண்டர் சொன்னதே?

ப: சொல்லவே இல்லீங்க. ஒரு பெரிய கணக்கு முடிஞ்சு அடுத்த கணக்கு ஆரம்பிச்ச நாள், அவ்வளவுதான். பலென்கே கல்வெட்டு ஒண்ணு கி.பி. 4772-ல வரப்போற ஒரு நாளைப் பத்தியும் பேசுது.

கே: எல்லாம் ராஜா, கோயில்தானா? சாதாரண ஜனங்க எங்க இருந்தாங்க?

ப: இந்தக் கேள்விக்கு ரொம்ப சந்தோஷம். சாதாரண வீடு மண்ணும் குச்சியும் ஓலையும், மேடை மட்டும் மிஞ்சும், மிச்சம் மக்கிப் போயிடும். ஆனா மாயா உலகத்தோட தென்கிழக்கு ஓரத்துல, எல் சால்வதோர் நாட்டுல, ஹோயா தே செரேன்னு ஒரு கிராமம் இருக்கு. கி.பி. 600-ஐ ஒட்டி பக்கத்துலயே எரிமலை வெடிச்சு சாம்பல் பல மீட்டர் உயரத்துக்கு மூடிடுச்சு. 1976-ல புல்டோசர் ஓட்டும்போது வெளிய தெரிஞ்சு, பேசன் ஷீட்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1978-ல தோண்ட ஆரம்பிச்சார். ஜனங்க உடல் எதுவும் கிடைக்கல, தப்பிச்சு ஓடியிருக்காங்க. ஆனா சாப்பாடு மிஞ்சின கிண்ணத்துல விரலால வழிச்ச தடம் இருக்கு, பானையில பீன்ஸ் இருக்கு, கட்டிப் போட்ட வாத்து ஒண்ணு ஓட முடியாம அங்கேயே செத்திருக்கு, கூரை ஓலையில எலி. தோட்டத்துல நின்ன சோளச் செடி மக்கிப் போய் சாம்பல்ல அதோட உருவம் மட்டும் வெற்றிடமா நின்னுச்சு, அதுல பிளாஸ்டர் ஊத்தி எடுத்திருக்காங்க, கதிர் கூட தெரியும். மரவள்ளி வயல் வரப்பு வரப்பா கிடைச்சுது. களிமண்ணுல குவிமாடம் மாதிரி கூரை போட்ட ஒரு நீராவிக் குளியல் அறையும் இருக்கு.

வீடு ஒரே அறை கிடையாது, தூங்க ஒரு கட்டடம், சாமான் வைக்க ஒண்ணு, சமையலுக்கு தனியா ஒண்ணு. பெரிய பிரமிடு எதுவும் எனக்கு இவங்களை இவ்வளவு பக்கத்துல காட்டினது இல்ல.

கே: டிக்கால் பக்கத்துல ஆறே இல்லையாமே, தண்ணிக்கு என்ன பண்ணாங்க?

ப: ஊரையே மழை பிடிக்கிற மாதிரி கட்டினாங்க. கோயில் முற்றம் எல்லாம் பூச்சுத் தரை, லேசா சரிவு, விழுற மழை முழுக்க நீர்த்தேக்கத்துக்கு ஓடும். 2020-ல வந்த ஆராய்ச்சி ஒண்ணுல, அங்க ஒரு நீர்த்தேக்கத்துல தண்ணி வடிகட்ட ஜியோலைட்டுங்கிற கனிமத்தையும் படிக மணலையும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்து கொண்டு வந்து போட்டிருக்காங்கன்னு கண்டுபிடிச்சாங்க. ஆனா அதே வருஷம் வந்த இன்னொரு ஆராய்ச்சியில அரண்மனைப் பக்கத்து நீர்த்தேக்கச் சேத்துல பாதரசம் கிடைச்சுது, சிவப்பு பெயின்டுக்கு அரைச்ச கனிமத்துல பாதரசம் உண்டு, சுவர்ல பூசினது மழையில கரைஞ்சு ராஜா குடிக்கிற தண்ணிக்கே வந்திருக்கு. யுகாத்தான் வடக்குல தரை இடிஞ்சு உருவான இயற்கைக் கிணறுகள் இருக்கு. உஷ்மால் பக்கம் அதுவும் இல்லாததால வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டி, சுவர் முழுக்க சாக்ங்கிற மழைக் கடவுளோட நீள மூக்கு முகம்.

கே: ராஜா பேரு, தேதி எல்லாம் இவ்வளவு உறுதியா எப்படி சொல்றாங்க?

ப: படிக்கிறாங்க. அந்த எழுத்தைப் படிக்க முடியாம போனதுக்கு ஒரு காரணம் 1562-ல மானி ஊர்ல தியேகோ தே லாந்தாங்கிற பாதிரியார் மாயா புத்தகங்களைக் குவிச்சு எரிச்சது. இன்னிக்கு மிஞ்சினது நாலே நாலு புத்தகம். ஆனா அதே லாந்தா ஒரு மாயா எழுத்தரை உட்கார வெச்சு ஸ்பானிஷ் எழுத்துகளோட பேரை ஒவ்வொண்ணா சொல்லி அவங்க எழுத்துல எழுத வெச்ச ஒரு பக்கம் தப்பிச்சுது. அதை வெச்சு 1952-ல லெனின்கிராட்ல இருந்த யூரி க்நோரோசோவ், இந்த எழுத்துல சில குறி முழுச் சொல்லுக்கு, சில குறி அசைக்குன்னு காட்டினார், அப்ப அவர் ஒரு மாயா நகரத்தையும் நேர்ல பார்த்தது கிடையாது.

அடுத்தது தத்தியானா ப்ரொஸ்கூரியாகோஃப். கட்டடக்கலை படிச்சவங்க, இடிபாடுகளை அந்தக் காலத்துல எப்படி இருந்திருக்கும்னு வரையறதுதான் அவங்க வேலை. பியெத்ராஸ் நெக்ராஸ் ஊர்ல தேதி செதுக்கின கல்தூண்கள் எந்த கோயில் முன்னாடி எந்த வரிசையில நிக்குதுன்னு பார்த்துக்கிட்டே வந்தவங்க, ஒவ்வொரு வரிசையோட தேதிகளும் ஒரு மனுஷ ஆயுளுக்கு மேல போகலைன்றதைக் கவனிச்சாங்க. பிறந்தது, பட்டத்துக்கு வந்தது, அடுத்தவர் வந்தது. 1960-ல அதை எழுதினாங்க. அதுவரைக்கும் பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் இது வெறும் நட்சத்திரக் கணக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஒரே கட்டுரையில இது வரலாறுன்னு ஆயிடுச்சு. அவங்க அஸ்தியை அதே ஊர்லதான் வெச்சிருக்காங்க.

படிக்க ஆரம்பிச்சதும் சண்டை, கல்யாணம், துரோகம் எல்லாம் வெளிய வந்துச்சு. 738-ல கிரிகுவாங்கிற சின்ன ஊரோட ராஜா, தன்னைப் பட்டத்துல உட்கார வெச்ச கோபான் ராஜாவையே பிடிச்சு தலையை வெட்டினான். அப்புறம் அந்தச் சின்ன ஊர்ல நட்ட கல்தூண் ஒண்ணு பத்தரை மீட்டருக்கு மேல உயரம், மாயா தூண்கள்ல அதுதான் பெருசு.

கே: இவ்வளவும் கட்டின ஜனங்க திடீர்னு எங்க மறைஞ்சாங்க?

ப: மறையல. இதைத்தான் இந்தப் பதில்ல முக்கியமா சொல்ல வரேன். காலியானது தெற்குச் சமவெளியில இருந்த ராஜா ஊர்கள், அதுவும் ஒரே நாள்ல இல்ல, நூறு நூத்தைம்பது வருஷமா ஒண்ணொண்ணா. ராஜாக்களுக்குள்ள ஓயாத சண்டை, மழை குறைஞ்சது, அழிஞ்ச காடு, எல்லாம் சேர்ந்துதான். சிச்சன்கனாப் ஏரிச் சேற்றுல பெரிய வறட்சியோட தடம் 1995-ல தெரிஞ்சுது, 2018-ல அதே ஏரியை வெச்சு கணக்குப் போட்டதுல மழை கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்குன்னு வந்துச்சு. மழையை நான் வரவழைக்கிறேன்னு சொல்லி உட்கார்ந்த ராஜாவை, மழை வராதப்போ யார் நம்புவாங்க?

கோபான்ல ஆங்கில எழுத்து L-ஐப் பேரா வெச்ச ஒரு பீடக்கல் இருக்கு, தேதி 822. ஒரு பக்கம் மட்டும் புது ராஜா உட்கார்ந்து செங்கோல் வாங்குற காட்சி செதுக்கி முடிச்சிருக்கு. இன்னொரு பக்கம் ஆரம்பிச்சு பாதியில நிக்குது. மிச்ச ரெண்டு பக்கமும் வெறும் கல். சிற்பிக்கு வேலை கொடுத்த அரசே இல்லாம போயிடுச்சு. டிக்கால்ல கடைசித் தூண் 869, தொனினா ஊர்ல 909, அத்தோட அந்த மாதிரி தேதி போட்ட கல் நின்னு போச்சு.

ஆனா அதே சமயத்துல வடக்குல சிச்சேன் இட்சா ஓங்கி நின்னுச்சு, அது போய் மாயாபான் வந்துச்சு, ஸ்பானியர்கள் வந்தப்புறமும் குவாத்தமாலா ஏரித்தீவு நகரம் நோஹ்பேத்தேன் 1697 வரைக்கும் அவங்களுக்குப் பணியல. சிச்சேன் இட்சால பலி கொடுத்த 64 பையன்களோட எலும்புல மரபணு எடுத்து 2024-ல வெளியிட்டாங்க, ரெட்டைப் பிள்ளைகளும் அதுல உண்டு, இப்ப அந்தப் பக்கத்துக் கிராமத்துல வாழ்றவங்களோட மரபணுவோட அது ஒத்துப் போகுது. அறுபது லட்சம் பேருக்கு மேல இன்னிக்கும் மாயா ஜனங்க இருக்காங்க, முப்பதை ஒட்டின மாயா மொழிகள் பேசறாங்க. குவாத்தமாலா உள்நாட்டுப் போர்ல ரெண்டு லட்சம் பேருக்கு மேல செத்தாங்க, காணாம போனாங்கன்னும், அடையாளம் தெரிஞ்சவங்கள்ல 83 சதவீதம் மாயா ஜனங்கன்னும் 1999-ல உண்மை அறியும் கமிஷன் சொன்னது. உயிரோட இருக்கிறவங்களை மறைஞ்சு போன இனம்னு நாம எழுதிக்கிட்டே இருந்தா அவங்க நிலம் கேட்டு, நியாயம் கேட்டு பேசறது யார் காதுல விழும்? தயவு செஞ்சு அந்த வார்த்தையை விட்டுடுங்க.

கே: இன்னும் கண்டுபிடிக்காத நகரம் இருக்குமா?

ப: நிறைய. விமானத்துல இருந்து லேசர் ஒளியை அடிச்சா இலை இடுக்குல புகுந்து தரை வரைக்கும் போய்த் திரும்பும், லைடார்னு பேரு, கணினியில மரத்தை நீக்கிட்டு தரையை மட்டும் பார்க்கலாம். பேத்தேன் காட்டுல 2,100 சதுர கிலோமீட்டர்ல 60,000-க்கு மேல கட்டடத் தடம் இருக்குன்னு 2018-ல அறிவிச்சாங்க. 2024-ல மெக்சிகோவோட காம்பெச்சே மாநிலத்துல வலேரியானாங்கிற நகரம் தெரிய வந்துச்சு, காட்டைக் கணக்கெடுக்க வேற யாரோ எடுத்து வெச்ச பழைய லைடார் தகவல்ல. கவலை என்னன்னா திருட்டு தோண்டலும் ரோடு வேலையும் அதே வேகத்துல போகுது, 2013-ல பெலிஸ் நாட்டுல நோமுல் பிரமிடை ரோட்டுக்கு ஜல்லி எடுக்க புல்டோசர் வெச்சு இடிச்சுட்டாங்க.

கே: ஒரே ஒரு ஊர்தான் பார்க்க முடியும்னா எதை சொல்வீங்க?

ப: உயரம் பிடிக்கும்னா டிக்கால், அங்க நாலாம் எண் கோயிலுக்கு மரப்படி இருக்கு, ஏறினா காட்டுக்கு மேல மத்த கோயில் உச்சிகள் தெரியும். சிச்சேன் இட்சால 2006-ல இருந்து பிரமிடு மேல ஏற விடறது இல்ல, கூட்டமும் ஜாஸ்தி. என் ஓட்டு கோபானுக்குத்தான், சிற்பம் அவ்வளவு நுணுக்கம். பதினாறு ராஜாவும் பக்கத்துக்கு நாலு பேரா உட்கார்ந்திருக்கிற Q பீடம், 776-ல செஞ்சது, அதுல முதல் ராஜா பதினாறாவது ராஜா கையில செங்கோலைக் கொடுப்பார். ரெண்டாயிரத்துக்கு மேல குறி செதுக்கின எழுத்துப் படிக்கட்டுக்கு மேல கூரை போட்டு வெச்சிருக்காங்க, ஏற முடியாது, கீழ நின்னு பார்க்கலாம். அது சரிஞ்சு விழுந்ததை 1930-கள்ல எடுத்து அடுக்கினப்போ நிறைய கல் வரிசை மாறிப் போச்சு, கீழ் வரிசைப் படிகள்தான் முதல்ல இருந்த இடத்துலயே இருக்கு, அதனால அங்க இருந்து பாருங்க. மியூசியத்துல ரோசலீலாவை முழு அளவுல, முழுக் கலர்ல கட்டி வெச்சிருக்காங்க, முதல்ல அதைப் பார்த்துட்டு அப்புறம் வெளிய இருக்கிற இடிபாடுகளுக்குப் போங்க.